அசனமும் ஸ்தோத்திரக் காணிக்கையும்: நெல்லைச் சீமையில் கூடி நன்றி சொல்லும் வழக்கம்

டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்லைச் சீமையின் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் பிரசங்கத்தைவிடக் கவனமாகக் கேட்கப்படுவது, அதற்கு முன்போ பின்போ வாசிக்கப்படும் ஸ்தோத்திரக் காணிக்கை (நன்றிக் காணிக்கை) பட்டியல்தான் என்று சொன்னால் குருவானவர்கள் மன்னிக்க வேண்டும். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காக ஒரு குடும்பம் 500 ரூபாய். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்ததற்காக இன்னொரு குடும்பம் 1,000 ரூபாய். பைக்கிலிருந்து விழுந்தும் எலும்பு முறியாமல் தப்பியதற்காக ஒரு வாலிபர் 200 ரூபாய். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், பெற்ற நன்மைகளுக்காக 50 ரூபாய். பட்டியல் நீளும்போது சிறுபிள்ளைகள் நெளிவார்கள். பெரியவர்களோ ஒவ்வொரு பெயருக்கும் தலையை லேசாகத் திருப்பி, அந்தக் குடும்பம் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பிரசவமான வீட்டாரைச் சுற்றி நான்கு பேர் நிற்பார்கள். விழுந்த வாலிபனிடம் முழங்காலைக் காட்டச் சொல்லி இரண்டு அத்தைமார் கண்டிப்பார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது நேரத்தை வீணாக்கும் சடங்காகவோ, பண விளம்பரமாகவோ தோன்றலாம். விளம்பரத்தின் சாயல் அதில் இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். அதைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் நன்றியுணர்வு மனிதருடைய மனநலத்துக்கும் உறவுகளுக்கும் என்ன செய்கிறது என்று கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உளவியலாளர்கள் கண்டறிந்தவற்றை இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நெல்லைச் சபைகள் பழக்கத்தால் செய்துவருவதில் பலவற்றுக்கு உறுதியான காரணங்கள் இருப்பது தெரியும். நன்றி மனத்துக்குள் நினைக்கப்படும்போது கிடைக்கும் பலன் மிதமானது. உரியவரிடம் சொல்லப்பட்டு, மற்றவர்களும் அதைக் கேட்கும்போதுதான் அது ஊரைக் கட்டத் தொடங்குகிறது.

ஆய்வுகளில் பலராலும் மேற்கோள் காட்டப்படுவது ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்டது. வாரம் ஒருமுறை, நன்றி பாராட்டத்தக்க ஐந்து காரியங்கள் வரை எழுதும்படி ஒரு குழுவினரிடமும், எரிச்சலூட்டிய காரியங்களை எழுதும்படி இன்னொரு குழுவினரிடமும், நடந்த நிகழ்வுகளை மட்டும் எழுதும்படி மூன்றாவது குழுவினரிடமும் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பத்து வாரங்களுக்குப் பிறகு முதல் குழுவினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நிறைவாக உணர்ந்ததாகவும், உடல் உபாதைகள் குறைந்ததாகவும் தெரிவித்தார்கள். நரம்புத்தசை நோயாளிகளிடம் 21 நாள் நடத்திய மற்றொரு சோதனையில் தூக்கமும் மேம்பட்டது. நோயாளிகளின் வாழ்க்கைத் துணைவர்களும் அந்த மாற்றத்தைக் கவனித்தார்கள் என்பது இதில் சுவையான செய்தி. இதை வைத்துத்தான் நன்றிக் குறிப்பேடு எழுதும் பழக்கம் உலகெங்கும் பரவியது. ஆனால் பின்னர் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தவர்கள், மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் இத்தகைய பயிற்சிகளின் விளைவு சிறியதே என்று 2021-இல் எழுதினார்கள். மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வுக்கு நன்றி ஜெபம் மாற்று ஆகாது என்பதை நம் ஜெபக்குழுக்கள் தயங்காமல் சொல்லப் பழக வேண்டும்.

தனியாக எழுதும் குறிப்பேட்டைவிட நேரில் சொல்லும் நன்றிக்கு வலு அதிகம் என்பதற்கும் சான்றுகள் உண்டு. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் செய்த சோதனையில், தமக்கு நன்மை செய்தும் முறையாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் மகிழ்ச்சி வெகுவாகக் கூடியது. அது ஒரு மாதம் வரை நீடித்தது. 2018-இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும், நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள் பெறுகிறவருக்கு அது சங்கடமாக இருக்கும் என்று மிகையாக அஞ்சுவதையும், அது அவருக்குத் தரும் மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடுவதையும் காட்டினார்கள். இந்தக் கூச்சம் நமக்கு நன்றாகவே தெரியும். நம் வீட்டில் சாப்பாடு போட்ட அம்மாவிடம் நன்றி என்று சொன்னால், “என்னல, இன்னைக்குப் புதுசா இருக்கு?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். நெருங்கியவர்களிடம் வாயால் சொல்வது உறவைத் தூரமாக்கிவிடும் என்ற எண்ணம் இங்கே ஆழமானது. அதனால் நன்றி கையாலும் பாத்திரத்தாலும் சொல்லப்படுகிறது. பக்கத்து வீட்டிலிருந்து தீபாவளிக்குப் பலகாரம் வந்த தட்டு வெறுமையாகத் திரும்பிப் போகாது. ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு கை சீனியாவது அதில் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அதிரசமும் சுடும்போது, தீபாவளிக்கு எந்தெந்த வீட்டிலிருந்து தட்டு வந்தது, ரமலானுக்கு யார் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார்கள் என்ற கணக்கு அடுப்படியில் ஓடிக்கொண்டிருக்கும்.

கூடி நன்றி சொல்வதன் பலனை நேரடியாகக் காட்டுவது சாரா ஆல்கோ என்ற உளவியலாளரின் ஆய்வு. நன்றியுணர்வு நல்ல உறவுகளைக் கண்டுகொள்ளவும், இருக்கும் உறவுகளை நினைவூட்டவும், அவற்றை இறுக்கிக் கட்டவும் உதவுகிறது என்பது அவர் 2012-இல் முன்வைத்த கொள்கை. 2020-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் அதற்கு மேலும் ஒன்றைச் சேர்த்தார்கள். ஒருவர் இன்னொருவருக்கு நன்றி சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாம் மனிதர், நன்றி சொன்னவருக்கு உதவ அதிகம் முன்வந்தார். நன்றி பெற்றவரோடும் பழக விரும்பினார். தனக்கு எந்த நன்மையும் செய்யப்படாத ஒருவர்கூட, நன்றியைக் கண்ணால் கண்டதாலேயே நெருங்கி வருகிறார். ஆராதனை முடிந்து அந்த வாலிபனின் முழங்காலைப் பார்க்கக் கூடும் அத்தைமாரை இந்த ஆய்வு விளக்கிவிடுகிறது.

நெல்லைத் திருச்சபையில் நன்றி தனி மனிதரின் பக்தியாக மட்டும் நிற்காமல் ஊரின் காரியமாக ஆனதற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் கட்டிய சிற்றாலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில், தெற்கேயுள்ள செம்மணல் தேரிக்காட்டுப் பகுதியில் சமயம் மாறியவர்கள் நிலக்கிழார்களின் நெருக்கடியால் வீடும் வழியும் இழந்தபோது, 1799-இல் முதலூர் போன்ற தனிக் குடியிருப்புகள் தோன்றின. 1820-இல் வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர், இத்தகைய குடும்பங்களுக்கு நிலமும் மனையும் வாங்கிக் கொடுக்க 1830-இல் தர்ம சங்கத்தை உருவாக்கினார். ஓர் ஊரே ஒருவருக்கொருவர் கொடுத்த காசில் எழுந்தது என்றால், அங்கே ஒருவருடைய நன்மை எல்லோருடைய கணக்கிலும் ஏறுவது இயல்பு. சமைக்கும்போது உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவரும் கைப்பிடி அரிசிக் காணிக்கை இந்த மனப்பாங்கில் வேரூன்றியது. ரொக்கம் கையில் புழங்காத பெண்களும் கொடுப்பவர்களாக இருந்தார்கள் என்பதே அதன் சிறப்பு.

இந்தச் சீமையின் பருவச் சுழற்சியையும் கவனிக்க வேண்டும். கிறிஸ்துமஸ் இங்கே விளைச்சல் வீடு வந்து சேரும் காலம் அல்ல. தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவ நெற்பயிர் மார்கழியில் வயலில் நிற்கிறது. தை கடந்துதான் அறுவடை. பனங்காட்டில் பதநீர் இறங்குவது கோடையை ஒட்டிய மாதங்களில். மார்கழியில் பனையேறிக்குக் கையில் காசு குறைவு. வடகிழக்குப் பருவமழை தேரிக்காட்டுக் குடிசையின் ஓலையைப் பதம்பார்த்திருக்கும். அறுப்பின் பண்டிகையில் சேவலையும் பூசணிக்காயையும் ஏலம் விட்டு, ஒருவர் எடுத்த தேங்காயை மறுபடியும் ஆலயத்துக்கே கொடுத்து மீண்டும் ஏலத்தில் ஏற்றி, சிரித்துக்கொண்டே நூற்றுக்கணக்கில் கொடுப்பது நிறைந்த கையின் நன்றி. கிறிஸ்துமஸ் நன்றியோ பெரும்பாலும் காத்திருக்கும் கையிலிருந்து வருகிறது. அதனால்தான் அது பொருளைவிட ஆட்களைச் சுற்றி அமைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் பிடித்து வந்து இறங்கும் பிள்ளைகள், வீடு வீடாக வரும் கீதபவனிக் குழு, ஆண்டிறுதி ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்லும் பாட்டி ஆகியோரே அதன் மையம்.

கீதபவனியைப் பற்றி ஒரு சொல். பாடகர் குழு வீடு தேடி வருவது பாட்டுக்காக மட்டும் என்றால் ஒலிபெருக்கியே போதும். படுக்கையில் கிடக்கும் முதியவர் இருக்கும் வீட்டில் மேளத்தை நிறுத்திவிட்டு, உள்ளறை வாசலில் நின்று ஒரு சரணம் பாடி, அவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்கள். முன்னொரு காலத்தில் அதே குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்தவராக அவர் இருக்கக்கூடும். யாரோ ஒருவர் அதைச் சொல்லிவிட்டால், இருபது வயதுக்காரர்கள் அவரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றியைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தோன்றவில்லை.

இவை எல்லாவற்றிலும் செழிப்பானது அசனம். பிரதிஷ்டை நாளிலோ திருவிழாவின் நிறைவிலோ சபை முழுவதும் சேர்ந்து சமைத்து உண்ணும் இந்த விருந்து, கிறிஸ்துமஸ் காலத்திலும் சில ஊர்களில் நடைபெறுகிறது. வீடு வீடாக அரிசி சேரும். இயன்றவர் கிடா கொடுப்பார். இயலாதவர் விறகு வெட்டிக் கொடுப்பார். முந்தின இரவு ஆலய வளாகத்துப் பந்தலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பார்கள். ஆண்கள் அண்டாக்களை அடுப்பில் ஏற்றித் துடுப்பால் கிண்டுவார்கள். வெங்காயம் உரிக்கும் அந்த வட்டத்தில் பேசித் தீர்க்கப்படும் குடும்பச் சண்டைகள் எத்தனை என்று எந்தச் சபைப் பதிவேட்டிலும் இருக்காது. குருவானவர் ஜெபித்த பிறகு பந்தி நடக்கும். ஊரிலுள்ள பிற சமயத்தாரும் பந்தியில் உட்காருவார்கள். வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் சோறும் குழம்பும் போகும். இங்கே யார் யாருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதில்தான் அசனத்தின் பலம் இருக்கிறது. அரிசி கொடுத்தவர் அதே அரிசியை உண்கிறார். பரிமாறியவர் அடுத்த பந்தியில் பரிமாறப்படுகிறார்.

ஒரே பந்தி என்பது இந்த மண்ணில் எளிதில் வந்துவிட்ட ஒன்றும் அல்ல. வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரு சாதிப் பிரிவினருக்கு இரு கூடங்களாகக் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயத்தின் தடுப்புச் சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. சாதி இன்னும் கல்லறைத் தோட்டத்திலும் சபைத் தேர்தலிலும் தலைகாட்டும் ஊர்களில், சேர்ந்து உண்ணுவதைக் கலைநிகழ்ச்சியாக நினைத்துக் கடந்துவிடக் கூடாது.

இனி, மேலே ஒத்திவைத்த சங்கடத்துக்கு வருகிறேன். நன்றி எப்போதும் மேல்நோக்கியே பாயும் இடத்தில் அது கடனாக மாறிவிடுகிறது. தோனாவூர் என்ற ஊர்ப்பெயர், நிலம் வாங்கப் பணம் அனுப்பிய தோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் நினைவு. சாயர்புரம், நிலம் கிடைக்க உதவிய சாயரின் நினைவு. அந்த நன்றியில் குறையில்லை. ஆனால் அதே ஊர்களில் கல் சுமந்தவர்களின், கிணறு வெட்டியவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. இன்றைய கிறிஸ்துமஸிலும் இதன் நிழலைக் காணலாம். விதவையர் சிலரை மேடையில் வரிசையாக நிறுத்தி, சேலை கொடுத்து, புகைப்படம் முடியும்வரை சேலையின் ஒரு முனையைக் கொடையாளர் பிடித்துக்கொண்டே நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெறுகிறவரை நன்றி சொல்லும்படி கட்டாயப்படுத்தும்போது அவருடைய மதிப்பு குறைகிறது. உதவியை நாடி மறுபடி வருவதற்கே அவர் கூசுவார். காணிக்கைப் பட்டியலிலும் தொகையை வாசிக்காமல் காரணத்தை மட்டும் வாசித்தால் போதும். 50 ரூபாய்க்காரரின் நன்மையும் 5,000 ரூபாய்க்காரரின் நன்மையும் அப்போது ஒரே எடையில் காதில் விழும்.

நன்றி கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் பாய்வதை 2023 டிசம்பரில் இந்தச் சீமை பார்த்தது. 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி கரைபுரண்டது, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுவிட்டது. சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்த நிலையில் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலிருந்த அரிசியைக் கொண்டுவந்து கோயிலில் வைத்துச் சமைத்து அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். சரியாக ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ் வந்தது. வீட்டுக்குள் சேறு காயாத நிலையில் பலருக்கு அந்த ஆண்டு புத்தாடையும் பலகாரமும் இல்லை. ஆனால் யார் யாரைத் தோளில் தூக்கி வந்தார்கள், யார் வீட்டு மாடியில் எத்தனை குடும்பம் படுத்தது என்று சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஆள் இருந்தது. தங்களுக்குத் திருப்பிச் செய்யவே முடியாத அந்நியர்களுக்குச் சோறு போட்டவர்களை நினைத்தால், நன்றியை வெறும் கொடுக்கல் வாங்கலாகப் பார்க்கும் கணக்கு உதவாது. நன்றி உணர்ந்தவர்கள் தமக்கு உதவியவருக்கு மட்டுமல்லாமல் முன்பின் தெரியாதவருக்கும் உதவ முன்வருகிறார்கள் என்று பார்ட்லெட், டெஸ்டெனோ என்ற ஆய்வாளர்கள் 2006-இல் சோதனைக்கூடத்தில் கண்டது இதன் சிறு வடிவம்.

இந்தக் கிறிஸ்துமஸில் வீட்டிலும் சபையிலும் இதை நடைமுறையாக்க விரும்புகிறவர்களுக்குப் புதிய சடங்கு எதுவும் தேவையில்லை. இருப்பதையே கொஞ்சம் கூர்மையாக்கலாம். குடும்ப ஜெபத்தில் “எல்லா நன்மைகளுக்காகவும்” என்று பொதுவாக முடித்துவிடாமல், இந்த ஆண்டு தனக்கு ஒருவர் செய்த ஒரு காரியத்தை, ஆளின் பெயரோடு ஒவ்வொருவரும் சொல்லலாம். தாத்தாவை டயாலிசிஸுக்கு வாரந்தோறும் ஆட்டோவில் அழைத்துப்போன மாமா அந்த அறையில் இருந்தால் அவர் முகம் சிவப்பதை எல்லோரும் பார்க்கட்டும். அவர் அறையில் இல்லை என்றால், அன்று மாலையே போன் போட்டுச் சொல்லிவிடுவது நல்லது. ஊரிலுள்ள ஏழைகளைப் பார்த்து “அவர்களுக்கு அதுகூட இல்லையே, நமக்கு இருக்கிறதே” என்று ஒப்பிட்டு நன்றி சொல்லும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம்; அதில் அடுத்தவர் துயரம் நம் ஆறுதலுக்குச் சரக்காகிவிடுகிறது.

அந்த ஆண்டு சாவு விழுந்த வீடு தனி. துக்க வீட்டில் முதல் பண்டிகைக்குப் பலகாரம் சுடுவதில்லை. உற்றார் அக்கம்பக்கத்தாரே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அங்கே போய், “எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யுங்கள்” என்று உபதேசிப்பவரைக் காட்டிலும், பலகாரத் தட்டை வைத்துவிட்டு அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் ஊருக்கு அதிகம் செய்கிறார். புலம்பலுக்கு இடம் தராத சபையில் நன்றியும் ஒப்புக்குச் சொல்லப்படுவதாகிவிடும். சங்கீதங்களிலேயே அழுகைக்குக் கணிசமான பங்கு இருக்கிறது.

கடைசியாக ஆலயப் பணியாளர்களைப் பற்றியது. அதிகாலை நான்கு மணி ஆராதனைக்கு மூன்று மணிக்கே மணியடித்து, பாய் விரித்து, ஆராதனை முடிந்ததும் வெடித்த பட்டாசின் காகிதங்களைக் கூட்டி அள்ளும் கோயில்பிள்ளைக்கும், அசனப் பாத்திரங்களைத் தேய்ப்பவர்களுக்கும் மேடையில் பொன்னாடை போர்த்தும் வழக்கம் இப்போது சில இடங்களில் தொடங்கியிருக்கிறது. நன்றி சொல்லப்பட்டவரின் மனத்தில் தம் வேலை மதிக்கப்படுகிறது என்ற உணர்வைத் தருவதாலேயே அவர் மேலும் உதவ முன்வருகிறார் என்று 2010-இல் ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜினோ இருவரும் காட்டினார்கள். நன்றி சொல்லப்பட்டவர்களில் 66 சதவீதத்தினர் மீண்டும் உதவினார்கள், சொல்லப்படாதவர்களில் 32 சதவீதத்தினரே உதவினார்கள். ஆகவே பொன்னாடை நல்லதுதான். ஆனால் அந்த ஆய்வை வைத்துக்கொண்டு, பாராட்டே போதும் என்று ஒரு கமிட்டி முடிவுக்கு வந்துவிட்டால் அது வேறு கதை. மணியடிப்பவரின் மாதச் சம்பளம் எத்தனை ஆண்டுகளாக ஏறாமல் இருக்கிறது, மருத்துவச் செலவுக்கு அவருக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்ற கேள்விகளைப் பொன்னாடை போர்த்திய அதே வாரத்தில், புத்தாண்டு வரவு செலவுத் திட்டத்தை எடுக்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். பதிலைப் பதிவேட்டிலும் எழுதி வைக்க வேண்டும்.